பாய் விரிக்கிற இடம் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா கொத்தனார். நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாரத்தில் நிற்பவர்கள் பேசுவதும் காதில் விழுந்திருக்கிறது, கடன் பத்திரத்தில் எழுதுவதும் கண்ணில் பட்டிருக்கிறது. சொல் ஒன்றாக இருக்கும், ஆளுக்கு ஆள் பொருள் மாறும். அதைக் கேட்டுத் தெளியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் பட்ட பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வீடு வாங்குபவர்களும் கட்டுபவர்களும் கேட்டுத் தெளிய வேண்டிய சில சொற்களைச் சொல்ல இன்று வந்தேன்.

முதலில் சதுர அடி.

2011-ல் என் தங்கை தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினாள். ஆயிரம் சதுர அடி, சதுர அடி 3,000 ரூபாய், மொத்தம் 30 லட்சம். பால் காய்ச்சிய அன்று ஊரிலிருந்து அம்மாவின் பழைய தேக்குக் கட்டில் வந்து இறங்கியது. படுக்கையறையில் கட்டிலைப் போட்டால் பீரோ கதவு திறக்கவில்லை. பந்தி முடிந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். கடைசி வரைக்கும் அந்த டேப் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. ஒரு முனையை என்னிடம் கொடுத்து, ஹால், சமையலறை, குளியலறை என்று ஒவ்வொன்றாக அளந்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினார். உள்சுவர்களையும் சேர்த்து, பால்கனியை விட்டுவிட்டு, 690.

“பாய் விரிக்கிற இடம் இவ்வளவுதான். மீதி 310 எங்கே?” என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. தங்கை முகம் வாடிப் போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மீதி எங்கே என்று நான் பிறகு தெரிந்துகொண்டேன். வெளிச்சுவரின் கனமும் பால்கனியும் கொஞ்சம். மற்றதெல்லாம் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, ஜெனரேட்டர் அறை இவற்றில் அவள் பங்கு. இப்படி எல்லாம் சேர்த்த கணக்கைத்தான் சூப்பர் பில்ட்-அப் என்பார்கள். அப்பா அளந்த கணக்கு கார்பெட் ஏரியா. 30 லட்சத்தை 690-ஆல் வகுத்துப் பாருங்கள், சதுர அடி கிட்டத்தட்ட 4,350 ரூபாய் ஆகிறது. அவள் ஒப்புக்கொண்டது 3,000.

2016-ல் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. கார்பெட் ஏரியா என்றால் இன்னது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. உள்சுவர் உண்டு, வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி கிடையாது. ரெராவில் பதிவு செய்த கட்டடமானால் இந்த அளவை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரிய எண்தான். ஆகவே கேளுங்கள், திரும்பவும் சொல்கிறேன், வாய்விட்டுக் கேளுங்கள்: பாய் விரிக்கிற இடம் எவ்வளவு?

கூடவே யூடிஎஸ் எவ்வளவு என்றும் கேளுங்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் ஒரே அளவில் எட்டு வீடு இருந்தால் ஆளுக்கு 300 சதுர அடி மண் சொந்தம். கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. நாளைக்கு இடித்துக் கட்டும்போது உங்கள் கையில் இருப்பது அந்தப் பங்குதான்.

சரி, தனி வீட்டுக்கு வருவோம். மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது அதில் எதெது சேர்த்தி? போர்டிகோ, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் என ஒவ்வொன்றையும் பேர் சொல்லி எழுதி வாங்குங்கள். எழுதாதது எல்லாம் பின்னால் ‘எக்ஸ்ட்ரா’ என்று வரும். பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையின் உயரம், மூன்றடி என்பார்கள். எங்கிருந்து மூன்றடி? மனையின் தரையிலிருந்தா, ரோட்டிலிருந்தா? மனை பள்ளமாக இருந்தால் அந்த மூன்றடியில் பாதி ரோட்டுக்குக் கீழேயே போய்விடும். ரோடோ தார் போடப் போட உயர்ந்துகொண்டே வரும். “ரோட்டைப் பார்த்து மட்டம் வை” என்று அப்பா சொல்லாத நாளில்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த தெருக்களில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி கடன். வங்கி பணத்தை மொத்தமாகத் தராது. பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கட்டு), ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமாக, வேலை முடிந்ததைப் பார்த்துத் தரும். மேஸ்திரி வேலை தொடங்குமுன் பணம் கேட்பார். நடுவில் ஓடுவது உங்கள் கைப்பணம். மார்ஜின் என்று வங்கியில் சொல்வது, வீட்டு மதிப்பில் கடன் போக நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கை. 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ‘வரை’ என்பதைக் கவனியுங்கள். பத்திரச் செலவு பொதுவாக அந்தக் கணக்கில் சேராது.

வீடு முடிகிற வரை நீங்கள் கட்டுவது பெரும்பாலும் ப்ரீ-இஎம்ஐ. அது வாங்கிய பணத்துக்கு வட்டி மட்டும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, “கடன் குறையவே இல்லையே அம்மா” என்று என் மேசை முன்னால் கலங்கி நின்றவர்கள் உண்டு. முழு இஎம்ஐ தொடங்கினாலும் ஆரம்பத்தில் வட்டிதான் அதிகம். 20 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 18,000. முதல் மாதம் அதில் 15,000 வட்டிக்கே போய்விடும். அதனால் போனஸோ சீட்டுப் பணமோ வந்தால் முதல் சில வருடங்களிலேயே அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் அதற்குத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது.

வட்டி ஏறினால் தவணைக் காலம் நீளும் கதை, வழிகாட்டி மதிப்பு, பட்டா மாறுதல் என்று இன்னும் குறித்து வைத்திருக்கிறேன். நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடன் முழுவதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் வங்கி உங்கள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இதுதான் விதி. அப்புறம், பத்திரம் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்தது என்கிற ரசீது ஆவணமும் அங்கே பதிய வேண்டும். பதியாதவரை வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.

வணக்கம்.