தேக்கு நிலையில் பிறந்த சிவப்புக் கிட்டார்

(காட்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இசை ஆர்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கிட்டார் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு பெரியவர் என்னை வாசலில் நிறுத்தினார். "ஐயா, வாசிக்கத் தெரிஞ்சவன் எந்தக் கிட்டாரிலயும் வாசிப்பான். தெரியாதவன் கையில எதைக் குடுத்தாலும் ஒண்ணுதான். அப்படி இருக்க, அந்த ஒருத்தர் வாசிச்ச அதே கிட்டார்தான் வேணும்னு என் பேரன் சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்திருக்கானே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார். நான் வேறு ஏதோ பேசுவதாகக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு அவருக்குத்தான் பதில்.

நான் முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன். கிறிஸ்துமஸ் கேரலில் தொடங்கி, ஆடி மாத அம்மன் கோயில் மேடை, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று இந்த வட ஆற்காட்டில் ஏறாத மேடை குறைவு. வாசித்ததெல்லாம் அடுத்தவர் பாட்டு. அடுத்தவர் விரல் போன தடத்திலேயே என் விரலும் போனது. அதனால் "அவருடைய கிட்டார் எனக்கும் வேண்டும்" என்கிற ஆசை எனக்கு அந்நியமில்லை. அந்த ஆசையை மதிக்கிறேன்.

ஒரு கலைஞர் பெயரிலேயே கம்பெனி செய்து விற்கும் கிட்டாரைச் சிக்னேச்சர் மாடல் என்கிறோம். இதில் மிகப் பெரிய பெயர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால். கெட்டி மரத்தில் கிட்டார் செய்தால் என்ன என்று யோசித்து, நாலுக்கு நாலு அங்குலக் கட்டையில் கம்பி கட்டி வாசித்துப் பார்த்தவர். அந்தக் கட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது கிப்சன் கம்பெனி முதலில் ஏற்கவில்லை. 1952-இல் அதே கிப்சன் அவர் பெயரையே பொறித்து, தங்க நிறம் பூசி ஒரு மாடலை வெளியிட்டது. இன்று மேடையில் அந்த மாடலை மாட்டியிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு லெஸ் பால் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாது.

அடுத்தவர் ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி.கிங். 1949-இல் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்னும் சிற்றூரில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் கைகலந்ததில் பீப்பாய் உருண்டு கூடமே பற்றிக்கொண்டது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். பி.பி.கிங்கும் ஓடினார். பிறகுதான் கிட்டார் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்து, திரும்ப நெருப்புக்குள் போய் அதை எடுத்து வந்தார். அந்த இருவரும் சண்டை போட்டது லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு மடத்தனம் செய்யக்கூடாது என்பதற்காக அந்தக் கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு கைக்கு வந்த ஒவ்வொரு கிட்டாரும் லூசில்தான். 1980-இல் கிப்சன் அந்தப் பெயரிலேயே ஒரு மாடல் செய்தபோது, மேல்பலகையில் வழக்கமாக இருக்கும் வளைந்த துளைகளை விட்டுவிட்டார்கள். ஒலி பெருக்கியிலிருந்து திரும்பி வந்து ஊளையிடுவது அதனால் அடங்கும். ஒரு கலைஞர் மேடையில் பட்ட தொல்லை, அவர் பெயர் தாங்கிய கிட்டாரின் வடிவமாகவே ஆகிவிட்டது. ரசிகன் அதை வாங்கும்போது பெயரோடு சேர்த்து அந்த அனுபவத்தையும் வாங்குகிறான்.

ஆனால் பெரியவரின் பேரன் கேட்பது இந்த இரண்டும் இல்லை. அவன் கேட்பது சிவப்புக் கிட்டார். இங்கிலாந்தின் குயீன் ராக் குழுவில் பிரையன் மே வாசிக்கும் ரெட் ஸ்பெஷல். (அந்தக் குழுவில் பாடிய ஃப்ரெடி மெர்குரி நம் மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்தவர். பேரன் பேத்திகளுக்குத் தெரிந்திருக்கும், தாத்தாக்களுக்காகச் சொல்கிறேன்.)

1963. லண்டனை ஒட்டிய ஃபெல்தம். பதினாறு வயதுப் பையன். ஃபெண்டர், கிப்சன் எல்லாம் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்கத்தான் முடியும், வாங்க வசதி இல்லை. அவன் அப்பா ஹெரால்டு மின்னணுப் பொறியியல் தெரிந்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். "நாமே செய்வோம்" என்று அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். இரண்டு வருடம் ஆனது.

கழுத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய வீட்டுக் கணப்படுப்பின் மேல்சட்டம். நூறு வருடத்துக்கும் மேலான மகோகனி. அதில் பூச்சி அரித்த துளைகள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குக் குடியாத்தம்தான் ஞாபகம் வந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் பிழைத்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கும். நம் பெண்கள் சட்டத்தில் அடுக்கும் அதே மாதிரி ஒரு குச்சி, உலகம் கேட்ட ஒரு கிட்டாரின் கழுத்துக்குள் இருக்கிறது.

கம்பியை அசைத்துச் சுருதியை நெளிய வைக்கும் கைப்பிடிக்கு ஸ்பிரிங் வேண்டும். 1928-ஆம் வருடத்துப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டைப் போட்டார்கள். அந்தக் கைப்பிடியின் நுனி, அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வந்தது. விரல் பலகையில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளைப் பிக்கப் என்போம். அது மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்ச். ஒன்று அதை இயக்கவும் நிறுத்தவும். மற்றொன்று அதன் அலையைத் தலைகீழாக்க. இரண்டு பிக்கப்பை எதிரெதிராகத் திருப்பிவிட்டால், தடித்த குரல் மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் கூர்மையாகும். கடையில் வாங்கிய கிட்டார்கள் பலவற்றில் அன்று இந்த வசதி கிடையாது. வாசிப்பதோ கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான பிக்கால் அல்ல, ஆறு பென்னி நாணயத்தால். நாணயத்தின் ஓரத்தில் உள்ள வரிகள் கம்பியில் உரசும்போது ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னச் சரசரப்பு வரும். எழுத்தில் மெய்யெழுத்து மாதிரி அது.

பெரியவரே, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதுதான் என் பதில். வாசிக்கத் தெரிந்தவன் எதிலும் வாசிப்பான் என்பது உண்மை. ஆனால் அந்த மனிதரின் இசை விரலில் பாதி, அந்த மரத்திலும் ஸ்பிரிங்கிலும் சுவிட்சிலும் பாதி. பேரன் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டான். அது எங்கிருந்து வருகிறது என்று தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறான். கேட்பதில் அடுத்த படி அது.

இந்த ஆசை நமக்கு மேற்கே இருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். பொருநராற்றுப்படையைத் திறந்து பாருங்கள். கரிகாலனைப் பாட வந்த புலவர், யாழின் இசையைச் சொல்லும் முன்னால் யாழை உறுப்பு உறுப்பாகச் சொல்கிறார். அதன் பத்தல், அதாவது அடிக்குடம், குளம்பு பதிந்த தடம்போல் இருக்கிறதாம். மேலே போர்த்த தோல் விளக்குச் சுடரின் நிறமாம். துளையை அடைத்த ஆணி, வளையில் வாழும் நண்டின் கண்ணாம். தலை தூக்கிய பாம்புபோல் மருப்பு என்னும் தண்டு, கருநிறப் பெண்ணின் முன்கை வளையல்போல் திவவு என்னும் நரம்புக் கட்டு. இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான், அந்த இசையைக் கேட்டால் வழிப்பறிக் கள்வர்கூட ஆயுதத்தைக் கீழே போடுவார்கள் என்கிறார். ஒரு ஆணியைப் பார்த்து நண்டின் கண் என்று சொல்ல வேண்டுமானால், எத்தனை நாள் அந்த யாழின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்! கிட்டாரின் ஒவ்வொரு திருகாணியும் தெரிந்து பேசுகிற இந்தப் பிள்ளைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புலவர் முகம்தான் தோன்றும்.

பணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் டேவிட் கில்மர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 2019-இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பணத்தைப் பருவநிலைக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார், வணங்குகிறேன். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் 50 டாலர் உடலும் 80 டாலர் கழுத்தும் வாங்கித் தன் கையால் சேர்த்த கிட்டாரை, 2007-இல் அச்சு அசலாக 300 செய்து, ஒன்று 25,000 டாலர் என்று விற்றார்கள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் அவர் முட்டுக்கொடுத்திருந்த 1971-ஆம் வருடத்துக் கால் டாலர் காசு முதற்கொண்டு அப்படியே. கீறல், சிராய்ப்பு, கறுத்த தழும்பு எல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டுத் தருகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தழும்பு வாசித்து வர வேண்டும். உங்கள் கிட்டாரில் உங்கள் முழங்கை தேய்த்த இடம் தெரியட்டும், வேறொருவர் முழங்கை வேண்டாம். ஆனால் அதை வாங்கியவரைக் கேலி செய்யவும் எனக்கு மனம் வராது. காசு இருக்கிறது, அன்பு இருக்கிறது, வாங்கினார்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கே வேறு. ரெட் ஸ்பெஷலின் மலிவுப் பதிப்பை பிரையன் மேயின் பெயரிலேயே விற்கிறார்கள். இங்கே வந்து சேர்வதற்குள் அதுவும் ஒரு பைக் விலையைத் தொட்டுவிடும். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் பாடம் படிக்கும் ஒரு தம்பி, பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒருவரிடம் பழையது வாங்கினான். அசல் என்று சொல்லித்தான் விற்றார்கள். கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். ஆறு சுவிட்சில் நாலு வெறும் பொம்மை. கீழே ஒயரே இல்லை. பின்மூடியைக் கழற்றியதும் அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். விற்றவர் அப்புறம் போன் எடுக்கவில்லை.

அந்தத் தம்பி ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வாரம் அப்பாவோடு வந்தான். அப்பா மர வேலை செய்பவர். அந்தக் காலி உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார். "இது பலகையே இல்லப்பா, தூள அமுக்கி ஒட்டியிருக்கான். இதுக்காடா இவ்வளவு பணம் குடுத்த? வீட்ட இடிச்சப்ப எடுத்து வச்ச தேக்கு நிலை மொட்டை மாடியில கெடக்குதே" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. கணப்படுப்புச் சட்டம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? தாத்தா காலத்து வாசற்படி நிலை கிடைத்தது. மஞ்சள் பூசிப் பூசி மேல்பக்கம் நிறம் ஏறிய மரம். இழைத்ததும் உள்ளே எண்ணெய் மினுமினுப்போடு வந்தது. விரல் பலகைக்கு வந்தபோது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தகராறு. அசலில் ஓக் மரத்துக்குக் கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள், நாமும் ஏதாவது மரத்துக்குக் கறுப்பு அடிக்க வேண்டும் என்று இவன் பிடிவாதம். அப்பா ஒரு பழைய பீரோவில் மிஞ்சிய தோதகத்தி, அதாவது ரோஸ்வுட், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கறுப்பு மரத்தையே கையில வச்சுக்கிட்டு எதுக்குடா கறுப்பு அடிக்கணும்?" என்றார். நான் அப்பா பக்கம் சாய்ந்தேன். உலகத்துக் கிட்டார் கம்பெனிகள் பலவும் விரல் பலகைக்கு நம் தோதகத்தியை வாங்குகின்றன என்று சொன்னேன். தம்பி அரைமனதாக ஒத்துக்கொண்டான். புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் டப்பாவில் வெள்ளைப் பொத்தான் தேடியபோதுதான் அவன் முகம் மலர்ந்தது.

முதல் கழுத்து தோற்றது. ஆறு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் அவை சேர்ந்து இழுக்கும் பாரம் ஏறத்தாழ நாற்பது கிலோ. உள்ளே இரும்புக் கம்பி வைக்காமல் ஒட்டிவிட்டார்கள். நம் வேலூர் சித்திரை வெயில் வேறு. பத்தே நாளில் கழுத்து வில்லாக வளைந்து, விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதில் கம்பிக்குக் கீழே சுண்டுவிரலே நுழைந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. நிலையின் மறுகாலை அறுத்து, நடுவில் பள்ளம் எடுத்து, கம்பி இறக்கி, மறுபடி தொடங்கினார். பிக்கப் சுற்ற மூன்று மாதம். தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று, நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. தையல் மெஷின் மோட்டாரில் பொருத்தி, எண்ணிக்கைக்கு ஒரு பழைய கால்குலேட்டரைக் கட்டிச் சுற்றினான். மாட்டியதும் ஆம்ப்ளிஃபயரில் ஒரே இரைச்சல். வீட்டு எர்த் சரியில்லை. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அப்படியே கேட்டது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய அன்று ராத்திரிதான் அது அடங்கியது.

இதற்கிடையில் அவன் கற்றது என்ன என்று ஒரு நாள் கவனித்தேன். என் பழைய கிட்டாரை எடுத்து, கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "மாஸ்டர், ஏழாவது ஃப்ரெட் தூக்கியிருக்கு" என்றான். முப்பது வருடம் அதை வாசித்த எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வீணை படித்துவிட்டு, வீணையின் மெட்டுகளுக்கு நடுவே இருப்பதுபோலத் தன் கிட்டாரின் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கச் சொன்னார். கம்பியை ஆழமாக இழுத்துக் கமகம் பேச அது வழிவிட்டது. அதைப் பற்றி நான் வகுப்பில் சொன்னபோது, மற்றப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். இவன் மட்டும் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று கேட்டான். நம் ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்து உலகம் சுற்றுகிறார். அவர் வாசிப்பை இவன் இப்போது கேட்கும் விதமே மாறியிருக்கிறது. எந்த இடத்தில் கம்பியை இழுக்கிறார், எந்த இடத்தில் விரல் வழுக்குகிறது என்று காதாலேயே பிரிக்கிறான்.

பெரியவரே, உங்கள் பேரன் என்று நீங்கள் சொன்னது இவனைத்தான் என்பது எனக்கு இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் வரிசையில் உங்கள் மகன் உட்கார்ந்திருக்கிறார். மொட்டை மாடியில் இத்தனை மாதம் என்ன நடந்தது என்று இருவரும் உங்களிடம் மூச்சு விடவில்லை போலிருக்கிறது. அந்த நிலை உங்கள் அப்பா வைத்த வாசல். உங்களிடம் கேட்காமல் அறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் உங்களுக்கு வரலாம், அவர்கள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பி, அந்த வேட்டித் துணியைப் பிரித்து எடு. மேலே வா. ஆம்ப்ளிஃபயரை நானே பார்த்துக்கொள்கிறேன். பிக் வேண்டாம். ஓரத்தில் வரி உள்ள பழைய நாலணா ஒன்று என் சட்டைப் பையில் கிடக்கிறது, இந்தா. தாத்தா முன்வரிசைக்கு வரட்டும், யாராவது நாற்காலி போடுங்கள்.