ஒரு நாளைக்கு ஒரு மலை போதும்

(புதுக்கோட்டை வட்டாரக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் நீங்கள் போகப்போகும் கல்விச் சுற்றுலாவின் நிரலை வரவேற்புரையில் வாசித்தார்கள். காலையில் சித்தன்னவாசல், அப்புறம் குடுமியான்மலை, நார்த்தாமலை, சாப்பாட்டுக்குப் பிறகு கொடும்பாளூர், திருமயம் கோட்டை, இருட்டுவதற்குள் வீடு. கேட்டபோதே எனக்கு மூச்சு வாங்கியது. நிரல் போட்டவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், இதில் நான்கை வெட்டிவிடுங்கள். சித்தன்னவாசல் மட்டும் இருக்கட்டும். அந்த ஒரு மலைக்கே ஒரு பகல் பற்றாது.

பொதுவாக என்ன நடக்கிறது? வண்டி நேராக அறிவர் கோயில் என்ற குடைவரைச் சமணக் கோயிலின் அடிவாரத்தில் நிற்கிறது. ஏறுகிறோம், விதானத்தில், அதாவது உட்கூரையில், தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்கிறோம், வெளியே வந்து படம் எடுத்துக்கொள்கிறோம், கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது. வரும் வழியில் பொட்டல் நிலத்தில் வட்டமாகக் கிடந்த கற்களை யாரும் கவனிப்பதில்லை. அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். அந்த மலையைச் சுற்றி மனிதர் வாழ்ந்து செத்த கதை அங்கேதான் தொடங்குகிறது. அங்கே இறங்கி நடக்காமல் மேலே போவது, சரி, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பாதிப் படத்தில் கொட்டகைக்குள் நுழைவதுதான்.

அடுத்து ஏழடிப்பட்டம் என்ற குகை. மேற்குப் பக்கமாக ஏறி, முகட்டைத் தாண்டிக் கிழக்குச் சரிவுக்குப் போக வேண்டும். பாறையில் கால் வைப்பதற்காக வெட்டிய குழிகளால் வந்த பெயர் இது. உள்ளே இயற்கையான குகைத்தளம், அதில் வழுவழுப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. சமணத் துறவிகள் படுத்த இடம். இருப்பதில் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறிப்பு ஒன்று உண்டு. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை. எருமி நாடு மைசூர்ப் பக்கம் என்று கல்வெட்டு அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து ஒருவர் இந்தப் பாறையைத் தேடி வந்திருக்கிறார்! மற்றப் படுக்கைகளில் பல நூற்றாண்டு பிந்திய எழுத்தில் தொழக்குன்றத்துக் கடவுளன், திருநீலன் என்று பெயர்கள் இருக்கின்றன. அவ்வளவு காலம் ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

குகை கிழக்குப் பக்கம் இருப்பதால் காலையிலேயே போங்கள். ஆழமில்லாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் பிடிபடும். உச்சி வெயிலில் எழுத்தும் தெரியாது, பாறையில் காலும் வைக்க முடியாது. எழுத்து தெரியவில்லையே என்று மாவோ சுண்ணாம்போ தடவ வேண்டாம். அதைச் செய்பவர்களில் படித்தவர்களே அதிகம் என்பது என் மனத்தாங்கல்.

இப்போது அறிவர் கோயிலுக்கு வாருங்கள். ஓவியத்துக்கு முன்னால் வெளியே உள்ள கல்வெட்டைப் பாருங்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கருவறைக்கு முன்னால் உள்ள அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, அதற்கும் முன்னால் முகமண்டபமும் எடுத்தான் என்கிறது. நீங்கள் நின்று படம் எடுக்கிற அந்த முன் மண்டபம் அவன் கட்டியதன்று. அது எப்போதோ விழுந்துவிட்டது. இப்போது நிற்பது, 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஊர் ஊராகத் தூண் மாறிய கதையும் வரலாறுதான்.

உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். மெதுவாகக் குளம் தெரியத் தொடங்கும். மீன், அன்னம், எருமை, யானை, தண்டோடு தாமரையைத் தூக்கிப் பிடித்த மனிதர்கள். நிறம் நிறைய உதிர்ந்துவிட்டது. தூணில் ஆடுகிற பெண்ணின் கை வளைவை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தால்தான் பிடிக்க முடியும். கருவறைக்குள் தணிந்த குரலில் ‘ம்’ என்று இழுத்தால் அறை முழுவதும் முழங்கும். காவலர் இருந்தால் அவரே செய்து காட்டுவார்.

மற்ற ஊர்களுக்கும் போங்கள், வேறு வேறு ஞாயிற்றுக்கிழமைகளில். குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்கு, பாடத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரம் என்ற பெயரை நம்பிச் சோழன் கட்டினான் என்று எழுதிவிடாதீர்கள். முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி கட்டியதென்றும், மழையில் இடிந்தபின் மல்லன் விடுமன் புதுக்கினான் என்றும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கொடும்பாளூர் மூவர் கோயிலில் இரண்டுதான் நிற்கிறது. மூன்றாவதன் அடித்தளத்தைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள்.

கிளம்புவதற்கு முன் திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வந்தால், மலையில் காண்பது பாதி புரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.