முத்திரிக் கிணற்றுத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் சாமிதோப்பு என்றொரு ஊர். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி மக்களுக்கு அதுதான் தலைமைப்பதி, அதாவது முதன்மையான வழிபாட்டுத் தலம். பதிக்குப் போகிறவர்கள் முதலில் சற்றுத் தள்ளியிருக்கும் முத்திரிக் கிணற்றுக்குப் போய், அங்கே குளித்து, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பதிக்குள் நுழைவார்கள். இன்று பார்த்தால் சாதாரணக் கிணற்றடிதான். 1830களில் அப்படியில்லை.

அன்று இது திருவிதாங்கூர் சமஸ்தானம். சாதிக்கொரு கிணறு. சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு ஆகாது, பசுவில் பால் கறக்கக் கூடாது, வீட்டுக்கு மாடி கூடாது. மார்பை மறைக்கும் மேல்சீலை போட்டாலோ அடிதான். தலைக்கு வரி, அதற்கு மேல் கூலியில்லா ஊழியம். இவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் பட்டதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

1809இல் பிறந்த முத்துக்குட்டி, 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி வைகுண்டராக எழுந்தார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. அதன்பின் அவர் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, விடுதலையை அன்றாடப் பழக்கமாக்கியதுதான். முதலில் கிணறு. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குடிக்க வேண்டும் என்றார். தனிக்கிணறு இல்லாதவர் கரையில் நின்று, மேல்சாதிக்காரர் யாராவது மனமிரங்கி ஊற்றினால்தான் உண்டு என்றிருந்த காலம். கயிறு கைக்கு வந்தால், தண்ணீருக்காக யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டாம்.

அடுத்தது துண்டு. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தலையிலோ தோளிலோ கிடக்கும் துண்டை இறக்கி, இடுப்பில் கட்டிக் குனிய வேண்டும். வைகுண்டர் அதைத் தலைகீழாக்கினார். சாமி முன்னால் ஆண்கள் தலைப்பாகையோடு நிற்க வேண்டும். மேலே சட்டை கிடையாது, தலையில் துணி உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். மற்றக் கோயில் பழக்கத்தில், வாசலில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் அதைத் தலையில் கட்டும்படி மெல்லச் சொல்வார்.

பதியின் உள்ளறையான பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, விளக்கு எரிகிறது. கும்பிடுகிறவர் முகமே எதிரில் தெரியும். பணிவிடை செய்பவர் வெண்மண் நாமத்தைப் புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி, சுடர் வடிவில் இட்டுவிடுவார். நெற்றியைத் தொட்டுத்தான் இட முடியும். தீண்டினால் தீட்டு என்றிருந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். தேங்காய் உடைப்பது, கற்பூரம் காட்டுவது, ஆடு கோழி வெட்டுவது எதுவும் இங்கே இல்லை. காணிக்கையும் வேண்டாம் என்றார். காணிக்கை கேட்டால் கொடுக்க முடியாதவன் வாசலிலேயே நின்றுவிடுவான்.

இவ்வளவும் அரசுக்குப் பிடிக்குமா? மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். சொந்தச் சாதியோடு மட்டும் பழகுவதாக எழுதிக்கொடுத்தால் விடுகிறோம் என்றபோது அவர் சம்மதிக்கவில்லை என்கிறது அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு.

வெளியே வந்தபின் நடந்தது துவையல் தவசு. 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் கூடின. நாளுக்கு மூன்று வேளை குளித்துத் துணி துவைக்க வேண்டும். உணவு ஒரு வேளை, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்தது. ஆறேழு மாதம் ஒரே உலையில் உண்டு பழகியவர்கள், ஊருக்குத் திரும்பி அந்தப் பழக்கத்தைத் தாங்கல்களில் தொடர்ந்தார்கள். நிழல்தாங்கல் என்றால் ஓலைக்கூரை போட்ட சின்ன இடம்தான். அதிலேயே வழிபாடு, அதிலேயே பிள்ளைகளுக்கு எழுத்து, அதிலேயே சோறு.

தவசில் உண்ட அந்த அரிசிப் பயற்றுக் கஞ்சியை இன்று நூறு பேருக்குக் காய்ச்ச நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறு கிலோ பச்சரிசி, இரண்டு கிலோ முழுச் சிறுபயறு போதும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது. பயறு வேக நேரமாகும். அது வேகும்முன் அரிசி கரைந்து அடிப்பிடிக்கும். பயறு தோல் வெடித்த பிறகு அரிசி போடுங்கள். உப்பு கடைசியில்.

வைகுண்டர் மறைந்தது 1851இல். அடிமை முறையைத் திருவிதாங்கூர் ஒழித்தது 1855இல்; நாடார் பெண்கள் மேல்சீலை அணிய அனுமதித்த அறிவிப்பு 1859இல்தான் வந்தது. அதற்கு முன்பே முத்திரிக் கிணற்றில் பல ஆண்டுகளாக எல்லோரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசி 20, அய்யா அவதார தினம். நாகர்கோவிலிலிருந்து பெரும் ஊர்வலம் சாமிதோப்புக்கு நடக்கும். போகிறவர்கள் இரண்டு துண்டு எடுத்துச் செல்லுங்கள். கிணற்றடியில் ஒன்று நனைந்துவிடும். ஈரத் துண்டைத் தலையில் கட்டினால் கனத்து நழுவும், பாதி வழியில் அவிழ்ந்துவிடும்.