ராபர்ட்டா ஃபிளாக்கும் அவருடைய முதல் இசைத்தட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

1969 பிப்ரவரி மாதம், நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் இசைத்தட்டு பதிவானது. எட்டுப் பாடல்கள். எல்லாம் சேர்த்து சுமார் 46 நிமிடம். பதிவுக்கு ஆனது பத்து மணி நேரம். பாடியவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ராபர்ட்டா ஃபிளாக். தட்டின் பெயர் 'ஃபர்ஸ்ட் டேக்'. கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையை விரும்பிக் கேட்பவர்கள் இன்றும் தேடி எடுக்கிற தட்டு அது.

பத்து மணி நேரத்தில் முடித்துவிட்டாரே என்று வியந்து சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வியப்பு இல்லை. கூடத்துக்குள் நுழையும்போது அவருக்கு வயது 32. பியானோவில் கை வைத்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பாடல்களில் பலவற்றை இரவு தவறாமல் மேடையில் பாடிப் பழக்கியிருந்தார். அங்கே போய் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அந்தத் தேர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ராபர்ட்டா பிறந்தது 1937-இல், வட கரோலினா மாநிலத்து பிளாக் மவுண்டன் என்ற ஊரில். வளர்ந்தது வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில். போட்டோமாக் ஆற்றுக்கு இந்தக் கரை ஆர்லிங்டன், அந்தக் கரை வாஷிங்டன். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்று இருந்த காலம். தாயார் ஐரீன், லோமாக்ஸ் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சயோன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். தந்தை லாரன் வரைபடம் வரையும் வேலையில் இருந்தார். பழைய சாமான் கிடங்கிலிருந்து அடிபட்ட பியானோ ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, சுருதி சேர்த்து, பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்தார். ராபர்ட்டாவுக்கு அப்போது ஒன்பது வயது. முறையான பாடமும் அந்த வயதில்தான் தொடங்கியது.

தேவாலயம் என்றதும் நம் மனத்தில் ஒரு காட்சி வரும்: கைதட்டல், ஆர்ப்பரிப்பு, ஒரு சொல்லைப் பத்து சுரங்களில் இழுத்து வளைக்கும் குரல். அது பெரும்பாலும் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளின் வழி. டெட்ராயிட்டில் பாப்டிஸ்ட் போதகரின் மகளாக வளர்ந்த சோல் பாடகி அரீதா ஃபிராங்ளின் அந்த வழியில் வந்தவர். ராபர்ட்டாவின் தேவாலயத்தில் நடப்பு வேறு. அங்கே அச்சிட்ட பாடல் புத்தகம், நான்கு குரல் பாடகர் குழு, ஹேண்டல், பாக் போன்ற மேற்கத்திய செவ்வியல் மேதைகளின் இசை, அவற்றோடு நுணுக்கமாக எழுதப்பட்ட கறுப்பின ஆன்மிகப் பாடல்கள். அருகில் இருந்த பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கும் அவர் போய்வருவார். தேவாலயப் பாடல்களில் புகழ்பெற்ற மஹலியா ஜாக்சனையும் சாம் குக்கையும் கேட்டது அங்கேதான். ஆனால் கை பழகியது தன் தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கு வாசித்து வாசித்து.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாடகர் குழுவுக்கு வாசிப்பவருக்கு என்னென்ன வேலை? முதலில் சுருதி கொடுக்க வேண்டும். முன்னிசையை எந்தக் காலப்பிரமாணத்தில் வாசிக்கிறாரோ, சபை முழுவதும் அதே காலத்தில்தான் எடுக்கும். தொடக்கத்தில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டால் மூன்றாம் அடிக்குள் முதியவர்களுக்கு மூச்சு முட்டும். அடுத்தது, மெட்டைப் பாடகர்களே பாடுகிறார்கள்; அதை வலக்கையால் திரும்பவும் உரக்க வாசித்தால் குரல் அமுங்கிப் போகும். நடுவிலுள்ள இரண்டு குரல்களின் சுரங்களை மெல்லப் பிடித்து, இடக்கையால் அடித்தளத்தை மட்டும் திடமாக நிறுத்த வேண்டும். அப்புறம், பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு சிறு இசைத்துணுக்கு போதும். அதற்கு மேல் வாசித்தால் அடுத்த அடி மூச்சடைத்து வரும்.

இவை எல்லாம் நல்ல பக்கவாத்தியக்காரர் எவருக்கும் தெரிந்தவை. பிற்காலத்தில் ராபர்ட்டா தனக்குத் தானே பக்கவாத்தியம் வாசித்துப் பாடியபோது, அதே ஒழுங்கைத் தன் குரலுக்கும் கடைப்பிடித்தார் என்பதுதான் அவருடைய தனித்தன்மை.

13 வயதில், கறுப்பின மாணவர்களுக்கான மாநிலப் போட்டி ஒன்றில் ஸ்கார்லாட்டியின் சொனாட்டா வாசித்து இரண்டாம் பரிசு பெற்றார். 15 வயதில் முழு உதவித்தொகையோடு வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பியானோவில் தொடங்கிய படிப்பு குரலிசைக்கு மாறி, இசை ஆசிரியப் பயிற்சியில் முடிந்தது. 19 வயதில் பட்டம். மேற்படிப்பைத் தொடங்கியிருந்த நேரத்தில் தந்தை திடீரென்று இறந்துபோக, வட கரோலினாவின் ஃபார்ம்வில்லில் ஆண்டுக்கு 2,800 டாலர் சம்பளத்தில் இசையும் ஆங்கிலமும் கற்பிக்கும் வேலைக்குப் போனார். பிறகு வாஷிங்டன் பள்ளிகளில் பல ஆண்டுகள்.

பகலில் பள்ளி, இரவில் பாட்டு. ஜார்ஜ்டவுன் பகுதியில் டிவோலி என்ற உணவகத்தில் ஓபரா பாடகர்களுக்குப் பியானோ வாசித்தார்; இடைவேளைகளில் தானே ப்ளூஸ், நாட்டுப்புறப் பாடல், பாப் என்று பாடினார். இவருக்கு ஆசிரியராக இருந்த ஃபிரெடரிக் வில்கர்சன், செவ்வியல் மேடையைவிடப் பாப் இசையில்தான் உனக்கு எதிர்காலம் பிரகாசம் என்று சொன்னார். ஓபரா கனவோடு வளர்ந்தவருக்கு அதைக் கேட்டது எளிதாக இருந்திராது. ஆனால் அந்தப் பயிற்சியை அவர் தூக்கி எறியவில்லை. அப்படியே பாப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்.

1968-இல் வாஷிங்டனின் கேப்பிடல் ஹில் பகுதியில் மிஸ்டர் ஹென்றிஸ் என்ற விடுதியில் நிலையாகப் பாடத் தொடங்கினார். உரிமையாளர் ஹென்றி யாஃபி மாடியை இவருக்காகவே மாற்றி அமைத்தார்: இடிக்கப்பட்ட டாட்ஜ் ஹோட்டலிலிருந்து எடுத்த ஓக் மரப்பலகைகளைச் சுவரில் பதித்து, ஒலிபெருக்கி அமைப்பும் போட்டுக் கொடுத்தார். தன் குரலுக்கு ஏற்ற ஓர் அறையில் இரவுதோறும் பாடக் கிடைப்பது பாடகருக்குப் பெரிய வரம். கூச்சலுக்கு மேலே குரலை ஏற்ற வேண்டியதில்லை. சன்னமாகப் பாடினாலும் கடைசி மேசைக்குக் கேட்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பாடும் முறையே மாறிவிடும்.

வாஷிங்டனில் அவரைக் கேட்ட ஜாஸ் பியானோக் கலைஞர் லெஸ் மெக்கேன், அட்லாண்டிக் நிறுவனத்தில் தேர்வுக்கு ஏற்பாடு செய்தார். தயாரிப்பாளர் ஜோயல் டோர்ன் முன்னால் மூன்று மணி நேரத்தில் 42 பாடல்கள். அடுத்து 1968 நவம்பரில் மாதிரிப் பதிவு: பத்து மணி நேரத்துக்கும் குறைவாக 39 பாடல்கள். முதல் தட்டுக்கு வரும் பலர் எட்டுப் பாடல் தேறுவதற்கே தவிப்பார்கள். இவருக்கு இருந்த சிக்கல் எதை விடுவது என்பது.

பிப்ரவரியில் கூடத்தில் கூடியவர்களைப் பாருங்கள். பாஸ் வாசித்தவர் ரான் கார்ட்டர், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து வந்தவர். கிதாரில் பக்கி பிட்சரெல்லி, டிரம்ஸில் ரே லூகாஸ். தந்தி, ஊதுகருவிகளுக்கான இசைக்கோவையை எழுதியவர் வில்லியம் ஃபிஷர். பியானோவும் குரலும் ராபர்ட்டா.

பியானோ வாசித்துக்கொண்டே பாடுபவரைப் பதிவு செய்வதில் ஒரு தொல்லை உண்டு. அட்லாண்டிக் கூடத்தில் எட்டுத் தட ஒலிநாடா இயந்திரம் 1950-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. குரலைத் தனித் தடத்திலும் பியானோவைத் தனித் தடத்திலும் போடலாம். ஆனால் பாடகரின் வாய்க்கும் பியானோத் தந்திகளுக்கும் இடையே உள்ள தூரம் கை நீளம்தான். குரலுக்கு வைத்த மைக்கில் பியானோ விழும். பியானோ மைக்கில் குரல் விழும். மூடியைப் பாதி இறக்கிப் போர்வை போட்டாலும் கசிவு முழுக்க நிற்காது. அதனால் ஒரு சொல் பிசகினால் அந்தச் சொல்லை மட்டும் மறுபடி பாடி ஒட்டுவது மிகக் கடினம். பழைய குரலின் நிழல் பியானோத் தடத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே முழுப் பாடலும் ஒரே ஓட்டத்தில் சரியாக அமைய வேண்டும். குரலைப் பிறகு தனியாகப் பாடிச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் கையும் தொண்டையும் சேர்ந்தே மூச்சு விடுகிற கலைஞரிடம் அவற்றைப் பிரித்தால், இரண்டிலும் உயிர் குறையும்.

பாடல் தெரிவு அந்தக் காலத்து சோல் தட்டுகளில் அபூர்வமானது. முதல் பாடல் 'கம்பேர்டு டு வாட்', ஜீன் மெக்டேனியல்ஸ் எழுதிய எதிர்ப்புப் பாட்டு, வியட்நாம் போரைக் கேள்வி கேட்பது. இரண்டாவது ஸ்பானிய மொழியில் 'அங்கெலிட்டோஸ் நெக்ரோஸ்': தேவாலயத்தில் ஓவியம் தீட்டுகிறவரே, கறுப்புத் தேவதூதர்களை ஏன் வரைவதில்லை என்று கேட்கிறது. ஒரு தேவாலயப் பாட்டு, கனடாவின் லெனார்ட் கோஹன் பாட்டு ஒன்று, பிற்பாடு அதே ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த பாடகர் டானி ஹேத்தவே பிறரோடு சேர்ந்து எழுதியவை இரண்டு, மேடை இசை நாடகத்திலிருந்து ஒன்று. மீதி இருப்பது ஒன்று. அதற்குத்தான் நான் வர வேண்டும்.

'த ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்'. உன் முகத்தை முதன்முதலாகக் கண்ட பொழுது என்று தொடங்கும் காதல் பாட்டு. ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடகர் எவான் மெக்கால், 1957-இல் தன் காதலி, பாடகி பெகி சீகருக்காக எழுதியது. மூன்றே பத்திகள். நாட்டுப்புறப் பாடகர்கள் கிதாரைத் துள்ளலாக மீட்டி, ஏறத்தாழ பாதி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ராபர்ட்டா எடுத்துக்கொண்டது 5 நிமிடம் 22 விநாடி.

விளம்ப காலத்தில் பாடுவது எவ்வளவு கடினம் என்பது நம் ஊரில் பாடுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் தடுமாறுவது தாளம். அடிகளுக்கிடையே வெறுமை நீளும்போது வாசிப்பவர்களின் கை தானாக முந்தும். ஒருவர் முந்தினால் மற்றவர்களும் சேர்ந்து ஓடுவார்கள். அடுத்தது சுருதி. மூச்சு தீரும்போது நீண்ட சுரத்தின் வால் கீழே இறங்கும். மூன்றாவது, பியானோவின் குணம். தட்டிய சுரம் உடனே தேயத் தொடங்கும், வயலின் மாதிரி இழுத்துப் பிடிக்க முடியாது. அந்த இடத்தில் பயந்துபோய் அலங்காரமாக நாலு சுரம் சேர்க்காத வாசிப்பாளர் அரிது.

ராபர்ட்டா சேர்க்கவில்லை. கிதாரும் பாஸும் தரையைப் பிடித்துக்கொள்ள, பியானோ தேவைக்கு மட்டும் வருகிறது. குரலில் வளைவு கிடையாது; சுரத்தை நேராக எடுத்து, நேராக நிறுத்தி, கடைசியில்தான் லேசான அசைவு. 'ஃபேஸ்' என்ற சொல்லை உற்றுக் கேளுங்கள். ஆங்கிலத்தில் அதை உச்சரிக்கும்போது 'ஏ' ஒலி முடிவில் 'இ' பக்கம் சாயும். பயிற்சி இல்லாதவர் உடனே சாய்ந்துவிடுவார், ஒலி ஒடுங்கிப் போகும். குரலிசை படித்தவர் 'ஏ'-யைத் திறந்தபடி கடைசி வரை நிறுத்தி, 'இ'-யையும் முடிவு மெய்யையும் மூச்சின் விளிம்பில் தொட்டுவிட்டு விடுவார். வில்கர்சன் போன்றவர்களிடம் கற்றது இங்கே பேசுகிறது. அடுத்த அடிக்கு முன்னால் விடுகிற இடைவெளி தேவாலயத்தில் கற்றது.

தட்டு 1969 ஜூனில் வெளிவந்தது. பெரிய பரபரப்பு எதுவும் உடனே எழவில்லை.  பிறகுதான் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட், காரில் போகும்போது வானொலியில் இந்தப் பாடலைக் கேட்டு, தான் முதன்முதலாக இயக்கிய 'பிளே மிஸ்டி ஃபார் மீ' படத்துக்குக் கேட்டு வாங்கினார். கொடுத்த தொகை 2,000 டாலர். கொஞ்சம் வேகமாகத் திரும்பப் பாடித் தரட்டுமா என்று ராபர்ட்டா கேட்டதாகவும், வேண்டாம், இருப்பது இருக்கட்டும் என்று அவர் மறுத்ததாகவும் ராபர்ட்டாவே சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிய கலைஞருக்கும் அந்த மெதுவின் மீது உள்ளூர ஓர் அச்சம் இருந்திருக்கிறது. அது எனக்கு அவர் மீது மதிப்பைக் கூட்டுகிறது.

படம் 1971-இல் வந்தது. 1972-இல் பாடல் தனித்தட்டாக வெளியாகி, அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. மூன்று ஆண்டுக்கு முந்தைய முதல் தட்டும் சேர்ந்து முதலிடத்துக்கு ஏறியது. 1973-இல் ஆண்டின் சிறந்த பதிவு என்ற கிராமி விருது; பாட்டு எழுதிய மெக்காலுக்கும் ஒரு கிராமி. தனித்தட்டுக்காக ஒரு நிமிடம் அளவு வெட்டினார்கள், அக்கால வானொலி நிலையங்கள் ஐந்து நிமிடப் பாட்டை ஏற்கத் தயங்கியதால். வெட்டிய வடிவத்தை மட்டும் கேட்டவர்கள் பாடலை முழுதாகக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

ராபர்ட்டா 2025 பிப்ரவரி 24 அன்று, 88 வயதில் காலமானார். தட்டை முதன்முறை கேட்கப் போகிறவர்கள் நேராக அந்தப் புகழ்பெற்ற பாடலுக்குத் தாவ வேண்டாம். முதல் பாடலிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் ரான் கார்ட்டரின் பாஸ் பாதி காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் இருந்தால் போதும். ஆறாவதாக அந்தப் பாடல் வரும்போது, குரல் தொடங்குவதற்கு முன் கிதாரும் பாஸும் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கின்றன என்று கவனியுங்கள். கடைசிப் பாடலான 'பாலட் ஆஃப் த சேட் யங் மென்' ஏறத்தாழ ஏழு நிமிடம். அதையும் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். வணக்கம்.