சித்தி என்ன பாவம் செய்தாள்?

(ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகச் சற்றே திருத்தியிருக்கிறேன்.)

அவையோருக்கு வணக்கம். ‘அறிவியலும் கடவுள் நம்பிக்கையும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் உங்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரு பேச்சை எதிர்பார்ப்பீர்கள். தங்கச்சிமடத்தில் அந்தோணியார் பெயரைச் சொல்லி வள்ளம் தள்ளிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் மறுபாதிப் பேர் வேறொன்றை எதிர்பார்ப்பீர்கள். இரண்டு பாதியும் என்னை மன்னிக்க வேண்டும்.

கல்லிலிருந்து தொடங்குகிறேன். ராமேஸ்வரம் வந்தவர்கள் பெரும்பாலும் மிதக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். தொட்டித் தண்ணீரில் கிடக்கும். கையால் அமுக்கினால் உள்ளே போய் மறுபடி மேலே வரும். ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, கடவுள் இருக்கிறார் என்பதற்கு அந்தக் கல்லே சான்று இல்லையா என்று கேட்டான். நான் சாக்பீஸை எடுத்துவிட்டேன். நுரைக்கல்லோ பவளக்கல்லோ, கண்ணறைகளுக்குள் போதிய காற்று அடைபட்டிருந்தால், கல்லின் எடை அதே கன அளவுள்ள தண்ணீரின் எடையைவிடக் குறைந்துவிடும். அப்போது மிதக்கத்தான் செய்யும். கண்ணறைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அதே கல் மூழ்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம், ஐந்து மதிப்பெண். பையனின் முகம் சுருங்கிவிட்டது. நான் ஜெயித்த மிதப்பில் வீட்டுக்குப் போனேன்.

பல வருடம் கழித்துத்தான் அது மட்டமான வெற்றி என்று பட்டது. யாரோ அவனுடைய கடவுளைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் கட்டிவிட்டிருந்தார்கள். நான் கல்லைத் தண்ணீருக்குள் அமுக்கியதும் கட்டியிருந்ததும் சேர்ந்து அமிழ்ந்தது. ஆடி அமாவாசைக்கு எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரப் புடவையோடு நடுங்கி நிற்கிற கிழவியைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் எந்தக் கல்லின் சாட்சியத்தையும் நம்பி அவள் வரவில்லை.

இன்னொரு குறையும் என் பக்கம் உண்டு. பவளம் கல்லே அல்ல, ஓர் உயிர் கட்டிய வீடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. இதோ, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அரிசி மணி அளவு பூச்சிகள், கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கட்டியவை. அந்தப் பூச்சியின் உடம்புக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. வெயிலைச் சாப்பாடாக்கி வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது. கடல் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினால் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை. பாசி வெளியேறுகிறது, பவளம் வெளுக்கிறது. 2016-இல் நம் கடலிலேயே அது பெரிய அளவில் நடந்தது. அவனை ஒரு படகில் ஏற்றிக்கொண்டு போய் இதைக் காட்டியிருக்க வேண்டும். வியப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அறிவியலைக் கடவுளுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடும் ஆசை நம் ஊர்த் தொட்டிக் கல்லோடு நிற்பதில்லை. பெல்ஜியத்தில் ஜார்ஜ் லெமைத்ர என்று ஒருவர். கத்தோலிக்கக் குருவானவர், இயற்பியல் பேராசிரியரும் கூட. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-இல் கணக்குப் போட்டு எழுதினார். எல்லாமே ஒரு காலத்தில் ஒற்றை அணு போலச் சுருங்கிக் கிடந்திருக்க வேண்டும் என்று 1931-இல் சொன்னார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதைப் படைப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசியபோது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் லெமைத்ர. அவரோ சங்கடப்பட்டார். தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலைப்பாடு. நாளைக்கு ஒரு தொலைநோக்கி அந்தக் கணக்கைப் பொய்யாக்கினால், அவர் காலையில் வைக்கிற பூசையும் பொய்யாகிவிடுமா? அவர் கடவுளைக் கல்லில் கட்டாத மனிதர். பூசை வைக்கிற சாமியாருக்கே வேண்டாம் என்று பட்ட சான்றை, நாம் வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கணித மேதை ராமானுஜனையும் சொல்லாமல் இருக்க முடியாது. தன் கணக்குகள் குலதெய்வமான நாமகிரித் தாயார் தந்தவை என்று அவர் நம்பினார். கடவுள் நம்பிக்கை இல்லாத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, அவற்றுக்கு நிரூபணம் எங்கே என்று கேட்டார். 1913-இல் ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இருந்த தேற்றங்களில் பல அசாத்தியமானவை. பகா எண்களைப் பற்றி அதில் சொன்னது தவறாகிப் போனது. எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, சரிதானா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்டதற்காகத் தாயார் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இப்போது சிலர் ஒரு சமரசத்தோடு வருவார்கள். அறிவியல் ‘எப்படி’ என்று கேட்கிறது, மதம் ‘ஏன்’ என்று கேட்கிறது, இரண்டும் தனித்தனி வீடு, நடுவில் சுவர், சண்டை எதற்கு என்பார்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சு. நானும் சில வருடம் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தச் சுவர் எங்கள் வீட்டில் நிற்கவில்லை.

1964 டிசம்பர் 22. எனக்கு அப்போது எட்டு வயது. என் சித்தி தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். அந்த இரவு புயலில் என்ன நடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. ஊரே போனது. சித்தி வீட்டில் யாரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதிலோடு வந்தார்கள். தனுஷ்கோடியில் பாவம் மிஞ்சிவிட்டது, கடவுளுக்குக் கோபம் வந்துவிட்டது என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்கள். அம்மாச்சி மட்டும் கேட்டாள்: என் மகள் என்ன பாவம் செய்தாள்? யாரும் பேசவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை.

கல்லூரியில்தான் பதில் கிடைத்தது. டிசம்பர் 17-இல் அந்தமானுக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு. அது வலுத்துப் புயலாகி, இலங்கையில் வவுனியாவைக் கடந்து, நம் பக்கம் வந்தது. புயலின் நடுவில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் காற்று: ஆழமில்லாத கடலில் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வரும்போது, அந்தத் தண்ணீருக்குக் கீழே இறங்க இடமில்லை, கரையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு மணல் நாக்கு. அந்த நாக்கின் நுனியில் சித்தியின் வீடு.

அந்தப் பக்கத்தைப் படித்த இரவு நான் அழுதேன். துக்கத்தில் அல்ல. என் சித்தி குற்றவாளி இல்லை என்று ஒரு வானிலைப் புத்தகம் தீர்ப்பு எழுதியிருந்தது. அம்மாச்சியின் கேள்விக்கு எந்தப் பிரசங்கமும் தராத விடுதலையை அது தந்தது. அறிவியல் மனசாட்சியைத் தொடாத வெறும் ‘எப்படி’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

கலாம் பெயரைச் சொல்லாமல் இந்தக் கரையில் அறிவியல் பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவீர்கள். அவரை இரண்டு தரப்பும் தங்கள் பக்கம் இழுக்கிறது. நான் ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1979 ஆகஸ்ட் 10. அவர் இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அவர் தொழுகை விடாத மனிதர். ஆனால் இறைவன் சித்தம் என்று அந்தக் கோப்பை மூடவில்லை. தேடினார்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கோளாறாகி நைட்ரிக் அமிலம் கசிந்தது தெரிந்தது. 1980 ஜூலை 18-இல் அடுத்த ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. ஒரு மனிதரின் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிய வேண்டுமானால், வால்வைத் தேட அது அவரை விட்டதா என்றுதான் பார்ப்பேன். தனுஷ்கோடிக்குக் காரணம் பாவம் என்று சொல்கிற ஊர், பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்ற வேண்டியதில்லை.

என் அப்பா கூண்டையும் பார்ப்பார், சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடியையும் பார்ப்பார். கூண்டு ஏறியிருந்தால் குருசடியில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார். கும்பிட்டாயிற்றே என்று ஒருநாளும் வள்ளத்தைத் தள்ளியதில்லை.

அப்படியானால் நீ கடவுளை நம்புகிறாயா என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். புயல் எப்படி வந்தது என்று அம்மாச்சிக்கு நான் ஒருமுறை படம் போட்டு விளக்கினேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள். அப்படியானால் அவள் மேல் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு குருசடிக்குப் போனாள். அன்று டிசம்பர் 22. அவள் இறந்த பிறகு, ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நான் போகிறேன். அந்த மாதத்தில் வாடைக்காற்று பலமாக இருக்கும். ஒரு திரி பற்றுவதற்குள் நான்கைந்து தீக்குச்சி செலவாகிவிடும்.