49 வெள்ளி 50 காசுக்குள் என்ன இருக்கிறது?

[திரையில்: கோலாலம்பூர், புக்கிட் கெவாங்கான். பங்குச் சந்தைக் கட்டடத்தின் முகப்பு. காலை வெயில்.]

வணக்கம். 2023 மார்ச் 16ஆம் தேதி, என் பின்னால் தெரியும் புர்சா மலேசியா ஓர் ஏலம் விட்டது. தொட்டுப் பார்க்க முடியாத சரக்கு. ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று. கார்பன் கிரெடிட் என்கிறோமே, அதுதான். அன்று ஒன்றரை லட்சம் கிரெடிட்டுகள் கைமாறின. வாங்கியவர்கள் 15 பேர்.

சரக்கில் இரண்டு வகை. சீனாவின் லின்ஷுவில் உயிரி எரிவாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தின் கிரெடிட் 18 வெள்ளி 50 காசுக்குப் போனது (வெள்ளி என்றால் நம் மலேசிய ரிங்கிட்). கம்போடியாவில் தெற்குக் கார்டமம் மலைக்காட்டைப் பாதுகாக்கும் திட்டத்தின் கிரெடிட் 68 வெள்ளிக்குப் போனது.

டன்னுக்கு டன் ஒன்றுதான். வானத்துக்கு லின்ஷுவும் தெரியாது, கார்டமமும் தெரியாது. அப்படியிருக்க 49 வெள்ளி 50 காசு எதற்காகக் கூடியது?

காடு என்றாலே வாங்குகிறவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு; அதில் கொஞ்சம் விலை ஏறியிருக்கும். ஆனால் அந்த இரண்டாவது சரக்கின் பெயரிலேயே 'பிளஸ்' என்று ஒரு சொல் ஒட்டியிருந்தது. வாயுவைத் தடுப்பதோடு நில்லாமல், அங்குள்ள மக்களுக்கும் உயிரினங்களுக்கும் நன்மை செய்கிறதாம். அந்த நன்மையை யார் அளந்தார்கள்? எந்தப் படியால் அளந்தார்கள்? இன்றைய வீடியோ அதைப் பற்றித்தான்.

[திரையில்: உலக வரைபடம். கியோட்டோ நகரம் ஒளிர்கிறது.]

கதை 1997இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்குகிறது. பணக்கார நாடு ஒன்று, வளரும் நாடு ஒன்றில் நடக்கும் திட்டத்தின் மூலம் வாயுவைக் குறைத்து, அந்தக் கணக்கைத் தன் பேரில் எழுதிக்கொள்ளலாம் என்று கியோட்டோ நெறிமுறையின் 12ஆம் பிரிவு வழி செய்தது. தூய்மை மேம்பாட்டு வழிமுறை என்று அதற்குப் பெயர். ஒரே மூச்சில் அது இரண்டு வாக்குறுதி கொடுத்தது. பணக்கார நாட்டின் கணக்கு நேராகும். திட்டம் நடக்கும் நாட்டுக்கு நீடித்த வளர்ச்சி கிடைக்கும். இரட்டைப் பிள்ளைகள். சோறு ஊட்டியது ஒரு பிள்ளைக்கு மட்டும்.

அதைக் காட்ட நம் ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றே போதும். மலேசியா 2002இல் அந்த நெறிமுறையை ஏற்று உறுதி செய்தது. அதன்பின் இங்கே பதிவான திட்டங்களில் செம்பனை ஆலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

[திரையில்: ஆலைக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் குளம். கறுப்பு விரிப்பு உப்பி நிற்கிறது.]

குலைகளை நீராவியில் அவித்துப் பிழிகிறார்கள். ஒரு டன் குலைக்கு அரை கன மீட்டருக்கும் மேல் கழிவுநீர் வருகிறது. பழுப்பு நிறம், எண்ணெய்ப் பிசுக்கு, கொதிக்கும் சூடு. அதைக் குளங்களில் தேக்குவார்கள். காற்றுப் புகாத அடியில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை விடும். கியோட்டோவின் முதல் கட்டக் கணக்கில், பூமியைச் சூடாக்குவதில் ஒரு டன் மீத்தேன் 21 டன் கரியமில வாயுவுக்குச் சமம். குளத்தின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, வாயுவைக் குழாயில் இழுத்து, எரித்தாலும் கிரெடிட். எஞ்சினுக்குக் கொடுத்து மின்சாரம் எடுத்தாலும் கிரெடிட்.

இதை அளக்கும் விதத்தைப் பாருங்கள். குழாயில் ஓட்டமானி. வாயுவில் மீத்தேன் எத்தனை விழுக்காடு என்று சொல்ல ஒரு கருவி. எரிப்பான் உண்மையில் எரிகிறதா என்று பார்க்க வெப்பமானி. அணைந்து கிடந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. கருவிகளுக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ். கடைசியில் வெளியிலிருந்து தணிக்கை நிறுவனம் வந்து பதிவேட்டைப் புரட்டும். மஸ்ஜித் இந்தியா நகைக்கடைத் தராசுக்குக்கூட இத்தனை காவல் கிடையாது.

அதே திட்ட ஆவணத்தில் 'நீடித்த வளர்ச்சி' என்ற தலைப்பைத் தேடுங்கள். இத்தகைய ஆவணங்களை நான் நிறையவே படித்திருக்கிறேன். பெரும்பாலும் அரைப் பக்கம்தான். உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கும். துர்நாற்றம் குறையும். புதிய தொழில்நுட்பம் வரும். எல்லா வாக்கியமும் எதிர்காலத்தில். நாட்டின் ஒப்புதல் கடிதம் கையெழுத்தானதும், அந்த அரைப் பக்கம் நடந்ததா என்று திரும்பிப் பார்க்க உலக விதி எதுவும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எழுதியது யார்? திட்டத்தை நடத்துகிறவரும் அவர் அமர்த்திய ஆலோசகரும். வேலிக்கு ஓணான் சாட்சி.

இது மறதியால் வந்ததும் இல்லை. 2001இல் மரக்கேஷ் நகரில் விரிவான விதிகளை எழுதியபோது, எது நீடித்த வளர்ச்சி என்று சொல்லும் உரிமை அந்தந்த நாட்டுக்கே விடப்பட்டது. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. உனக்கு எது நல்லது என்று வெளியூரார் வந்து பாடம் எடுத்த காலத்தைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் முதலீட்டைப் பிடிக்க நாடுகள் போட்டி போடுகையில் கெடுபிடி செய்தால் பணம் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். படி மெல்லச் சிறுத்தது.

எந்த அளவுக்குச் சிறுத்தது என்பதற்கு எச்எஃப்சி-23 என்ற வாயு போதும். பழைய ஏர்கண்டிஷனர்களில் ஓடும் ஆர்-22 வாயுவைத் தயாரிக்கும்போது கூடவே பிறக்கும் கழிவு அது. அன்றைய கணக்கில் அதில் ஒரு டன் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம். சீனாவிலும் இந்தியாவிலும் ஒரு சில ஆலைகள் எரிப்பானைப் பொருத்திக் கோடிக்கணக்கில் கிரெடிட் எடுத்தன. ஆலைச் சுவருக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு அதனால் வந்தது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கிரெடிட்டுக்காகவே ஆர்-22ஐ அதிகம் தயாரிக்கிறார்களோ என்ற சந்தேகமும் எழுந்தது. 2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் இந்தக் கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது.

2007இல் கிறிஸ்டோஃப் சட்டர், ஹுவான் கார்லோஸ் பரென்யோ என்ற இரு ஆய்வாளர்கள் பதிவான 16 திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். வேலை, கிரெடிட் வருமானம் யாருக்குப் போகிறது, உள்ளூர்க் காற்றின் தரம் என்று மூன்றே அளவுகோல்கள். அந்தத் திட்டங்களிலிருந்து எதிர்பார்த்த கிரெடிட்டுகளில் 72 விழுக்காடு உண்மையான குறைப்பாக இருக்கக்கூடும் என்று கண்டார்கள். நாட்டின் நீடித்த வளர்ச்சிக்குக் குறிப்பிடத்தக்க அளவில் உதவக்கூடியவை? ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.

[திரையில்: வெள்ளைப் பலகை.]

சரி, அளப்பது எப்படி? எளியதிலிருந்து தொடங்குவோம்: வேலை. 'முப்பது பேருக்கு வேலை' என்று ஓர் ஆவணம் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளம் வெட்டி விரிப்புப் போட 40 நாள், 30 ஆள். பெருக்கினால் 1,200 ஆள்நாள். இன்னோர் ஆவணம் 'இரண்டு பேருக்கு வேலை' என்கிறது. ஆனால் அந்த இருவருக்கும் ஆண்டுக்கு 300 நாள், பத்து ஆண்டு. 6,000 ஆள்நாள். தலையை எண்ணினால் முதல் திட்டம் வெல்லும். நாளை எண்ணினால் இரண்டாவது, அதுவும் ஐந்து மடங்கு. யாரும் பொய் சொல்லவில்லை. அலகை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

வேலையை எண்ணவாவது முடியும். நாற்றத்தையும் ஆற்றையும் வேலையையும் ஒரே கூடையில் போட்டுக் கூட்டுவது எப்படி? 2003இல் தொடங்கிய கோல்டு ஸ்டாண்டர்டு என்ற தர அமைப்பு ஆரம்பத்தில் ஓர் அட்டவணை வைத்திருந்தது. காற்று, நீர், வேலை, வாழ்வாதாரம் என ஒவ்வொன்றுக்கும் −2 முதல் +2 வரை மதிப்பெண். வேறு சில முறைகளில் ஒவ்வோர் அம்சத்துக்கும் எடை கொடுத்துப் பெருக்குவார்கள். வேலைக்கு இத்தனை, காற்றுக்கு இத்தனை என்று. சிக்கல் அந்த எடையில்தான் ஒளிந்திருக்கிறது. அதை யார் போடுவது?

[திரையில்: சிமெண்டுத் தரை. ஒரு கைப்பிடி புளியங்கொட்டை.]

என் அத்தை சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டு உழைத்தவர். பால்மரம் சீவப் போனவர், செம்பனைக் காலத்தில் ஓய்வு பெற்றார். இப்போதும் ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் வீடு. அதுவும் குளத்துக்கு விரிப்புப் போட்ட ஆலைதான், பெயர் வேண்டாம். போன மாதம் செந்தூலிலிருந்து அவரைப் பார்க்கப் போனபோது, பத்துப் புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து, தரையில் மூன்று தாள்களை வைத்தேன். வேலை, ஆறு, நாற்றம்.

"உங்களுக்கு எது பெரிதோ அதில் அதிகம் வையுங்கள், அத்தை."

அத்தை யோசிக்கவே இல்லை. நாற்றத்தில் ஆறு கொட்டை. ஆற்றில் மூன்று. மிச்சம் ஒன்றை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை பெரிதில்லையா, அத்தை?"

"யாருக்கு வேலை? எஞ்சின் பார்க்க இரண்டு பையன்கள் வந்தார்கள். இரண்டு பேரும் வெளியூர். நாற்றம் வந்தால் சன்னலைச் சாத்த வேண்டும். சாத்தினால் உன் மாமாவுக்கு மூச்சு முட்டும். அதை எழுதம்மா."

பத்தாவது கொட்டையைப் புளி டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டார்.

நான் படித்த ஆவணங்களில் வேலைதான் எப்போதும் முதல் வரி. அத்தையின் கணக்கில் அதற்கு ஒரு கொட்டைகூடக் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கு வேலையில்லாத மகன் இருந்தால் அவர் கொட்டைகளை வேறு மாதிரி வைப்பார், அதுவும் சரிதான். எடையைத் திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டால் இந்த இருவருமே காணாமல் போய்விடுகிறார்கள். விதிப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கத்தான் செய்கிறது. முற்பகலில், மண்டபத்தில், தேநீரோடு. அந்த நேரத்தில் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள்.

[திரையில்: கம்போடியா, கார்டமம் மலைத்தொடர்.]

68 வெள்ளிக்குப் போன கிரெடிட்டுக்குத் திரும்புவோம். ஏலம் முடிந்த மூன்றே மாதத்தில், 2023 ஜூனில், அந்தத் திட்டத்தைப் பதிவு செய்திருந்த வெர்ரா அமைப்பு புதிய கிரெடிட் வழங்குவதை நிறுத்திவைத்து மறு ஆய்வு தொடங்கியது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு எழுப்பிய புகார்கள் காரணம். 2024 பிப்ரவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்சின் அறிக்கை வெளிவந்தது. திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியதாகக் கணக்கு. அங்கே தலைமுறைகளாக வாழும் சோங் பழங்குடியினரிடம் ஆலோசனை தொடங்கியதோ 31 மாதம் கழித்து என்றது அறிக்கை. விளைநிலத்திலிருந்து விரட்டப்பட்டதாகவும், காட்டில் பொருள் சேகரித்ததற்காகக் கைதானதாகவும் மக்கள் சொன்னதையும் பதிவு செய்தது. திட்டத்தை அரசோடு சேர்ந்து நடத்தும் வைல்ட்லைஃப் அலையன்ஸ் என்ற அமைப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2024 செப்டம்பரில் வெர்ரா ஆய்வை முடித்து, திட்டம் தொடர அனுமதித்தது.

யார் சொல்வது முழுச் சரி என்ற வழக்கை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. என் கேள்வி படிவத்தைப் பற்றியது. கிணறு தோண்டினால், பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தால், அது ஏற ஒரு கட்டம் இருக்கிறது. கேட்காமல் எல்லை போட்டால் எந்தக் கட்டத்தில் ஏற்றுவது? கிணற்றுக்கு +2, கைதுக்கு −2, கூட்டினால் பூச்சியம் என்று எழுதிவிட முடியுமா? அதனால்தான் இப்போது தீங்கைத் தனியாகவும் நன்மையைத் தனியாகவும் பார்க்கிறார்கள். தீங்குப் பக்கம் தேறாவிட்டால் நன்மைப் பக்கத்தைத் திறக்கவே கூடாது.

இதில் விதியும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பழைய கியோட்டோ வழிமுறையில், நீடித்த வளர்ச்சியை எழுதிக்காட்ட 2012இல் ஒரு படிவம் வந்தது. விருப்பப்பட்டவர் நிரப்பலாம், விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம். கியோட்டோவுக்குப் பின் வந்த பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4ஆம் பிரிவின் கீழ் 2024 அக்டோபரில் ஏற்கப்பட்ட படிவம் கட்டாயமானது. அபாயங்களைக் கணிக்க வேண்டும், எதை வைத்து அளக்கப் போகிறோம் என்ற குறிகாட்டிகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும், திட்டம் ஓடும் காலத்திலும் அவற்றைக் கண்காணிக்க வேண்டும், வெளித் தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். அரைப் பக்க எதிர்காலத்துக்கு ஒருவழியாக இறந்தகாலமும் வரப்போகிறது. குறிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற பழைய வம்பு அப்படியேதான் இருக்கிறது.

[திரையில்: அத்தை வீட்டு அடுப்படிச் சுவர். ஓர் ஆணி. நாட்காட்டிகள்.]

அன்று கிளம்பும்போதுதான் இதைக் கவனித்தேன். மளிகைக் கடை இனாமாகக் கொடுத்த நாட்காட்டி. சில தேதிகளில் பென்சிலால் பெருக்கல் குறி. என்னவென்று கேட்டேன். சன்னலைச் சாத்திய நாட்களாம். மாமாவுக்கு எந்தெந்த நாளில் மூச்சு முட்டியது என்று கிளினிக்கில் டாக்டர் கேட்பார், அதற்காகக் குறித்து வைக்கிறார். பழைய நாட்காட்டிகளைக் கழற்றுவதில்லை. அதே ஆணியில் புதியதை மேலே மாட்டிவிடுகிறார். கீழே புரட்டினேன். விரிப்புப் போடுவதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் 19 குறிகள். பிந்திய ஆண்டு மார்ச்சில் 4. அந்த நான்கும் அடுத்தடுத்த நாட்கள்.

"அது குளத்தில் சேறு அள்ளின வாரம்" என்றார் அத்தை, அடுப்பிலிருந்து திரும்பாமலே.