தண்ணீர்க் கிண்ணமும் பூனை முடியும்

வணக்கம், நேயர்களே. தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையில் 26 வருடம் தாதியாக வேலை பார்த்தவள் நான். வயதான நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்வார்கள்: "ஒன்றுமில்லை சிஸ்டர், வயசாகிவிட்டது, அவ்வளவுதான்." அந்த வார்த்தையால்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன். வயதின் தலையில் நாம் கட்டுகிற பல தொல்லைகளுக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கும். அந்த நோய்க்கு மருந்தும் இருக்கும்.

உங்கள் வீட்டு நாயை ஒரு நிமிடம் மனதில் நிறுத்திப் பாருங்கள். பத்து வயது இருக்கும். முன்பு ஒரு கிண்ணம் தண்ணீர் நாள் முழுக்க வரும், இப்போது மூன்று தடவை நிரப்புகிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைப் பிறாண்டுகிறது. எவ்வளவு போட்டாலும் பசி அடங்கவில்லை. கால்கள் மெலிந்து, வயிறு மட்டும் பானை மாதிரி தொங்குகிறது. குளிர்கிற ஜூன் மாதத்திலும் நாக்கை நீட்டிக்கொண்டு இரைக்கிறது. தலையிலும் கால்களிலும் முடி அப்படியே இருக்க, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி உதிர்ந்து தோல் தெரிகிறது. சொறிவதுகூட இல்லை. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் குஷிங்ஸ் நோயாக இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் முடி உதிரும், சர்க்கரை வியாதியிலும் தாகம் எடுக்கும். அதனால் பார்வையை வைத்து முடிவு கட்ட முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஹார்வி குஷிங் என்பவர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர். 1912-ல் ஒரு இளம்பெண்ணிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார். மனிதர்களுக்கு இது அபூர்வம், வயதான நாய்களுக்கு அப்படி இல்லை. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. நோய் வந்த 100 நாய்களில் 80, 85-க்கு அதில்தான் ஒரு சிறு கட்டி. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உள்ள அட்ரீனல் சுரப்பியை அது ஓயாமல் விரட்டும். அட்ரீனல் கார்ட்டிசால் என்கிற ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மீதி நாய்களுக்குக் கட்டி அட்ரீனலிலேயே இருக்கும். கார்ட்டிசால் அளவோடு இருந்தால் உயிரைக் காக்கும். அளவு மீறினால் தாகம், பசி, வயிறு, முடி எல்லாவற்றையும் கெடுக்கும்.

சரி, டைகர் கதைக்கு வருகிறேன். டைகர் எங்கள் வீட்டு நாய், டாக்ஸ்ஹுண்ட் ஜாதி. பழுப்பு நிறம், 11 வயது, 9 கிலோ. 26 வருடம் அடுத்தவர் நாய்க்கு இந்த நோயைப் பார்த்த நானே, ஆடி மாதத்தில் ஆரம்பித்த அதன் தாகத்தை வயசு என்றுதான் விட்டுவிட்டேன். புரட்டாசியில்தான் விழித்துக்கொண்டேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. பூசணிக்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தோலுக்கும் விதைக்கும் அழுதது. பூசணித் தோலுக்கு அழுகிற நாயா இது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

உடனே தண்ணீரை அளந்தேன். நேயர்களே, இன்றைக்கு நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அளந்து பாருங்கள். சமையலறையில் அளவுக்கோடு போட்ட ஜக் இருக்கும். காலையில் 2 லிட்டர் ஊற்றி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழித்துவிடுங்கள். சாதாரணமாக ஒரு நாய் ஒரு நாளில் தன் எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது வெயிலும் இல்லை, வயசும் இல்லை. டைகருக்கு அரை லிட்டர் போதும், 900 மில்லியைத் தாண்டக் கூடாது.

முதல் நாள் 700 மில்லி. இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே. பரவாயில்லையே என்று மனது ஆறியது. மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கேற்ற வெளியே வந்தால், நக்குகிற சத்தம் கேட்கிறது. துளசித் தொட்டிக்கு அடியில் வடிகிற தண்ணீருக்காக ஒரு தட்டு வைத்திருந்தேன். டைகர் அதைக் காலி பண்ணிவிட்டு, அடுத்த தொட்டிக்கு, அதற்கடுத்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு என்று வரிசையாகப் போகிறது. மண் கரைந்த தண்ணீர், மூக்கெல்லாம் சேறு. தட்டுகளைக் கவிழ்த்து, குளியலறைக் கதவைச் சாத்தி மறுநாள் அளந்தேன். 1 லிட்டர் 300 மில்லி! அப்புறம்தான் டாக்டருக்குப் போன் செய்தேன். அதனால் மூன்று நாளாவது அளக்க வேண்டும், தொட்டித் தட்டு, வாளி எதையும் விடக் கூடாது. இன்னொன்று, சிறுநீர் அதிகம் போகிறதே என்று தண்ணீரை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். உடம்பில் நீர் நிற்காமல் வெளியேறுவதால்தான் அது குடிக்கிறது. வைக்காவிட்டால் வறண்டுபோகும்.

காலையில் மருத்துவமனையில் விட்டு, நாள் முழுக்க இடைவெளி விட்டு ரத்தம் எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் பார்க்க உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்தார்கள். அந்த மழித்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

மருந்தின் பெயர் ட்ரைலோஸ்டேன். கார்ட்டிசால் உற்பத்தியைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. ஆகவே ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. மாத்திரையின் உறையைத் திறந்து பாதி பாதியாகப் பிரிக்கக் கூடாது. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவர் கையால் தொட வேண்டாம். பத்துப் பதினாலு நாளில் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு மாதத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. செலவுதான், தெரியும். ஆனால் அளவு கூடிப்போனால் கார்ட்டிசால் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து. நாய் சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், வயிற்றுப்போக்கு இருந்தால், துவண்டு படுத்தால், அன்றைய மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: சாப்பிடாத நாய்க்கு இந்த மாத்திரை கிடையாது.

இப்போது முடிக்கு வருவோம். புரட்டாசிக் கடைசியில் மாத்திரை தொடங்கியது. தீபாவளிக்குள் தண்ணீர் 600 மில்லிக்கு வந்துவிட்டது. ராத்திரி நாங்களும் தூங்கினோம். மார்கழியில் தொங்கின வயிறு உள்ளே ஏறியது, இரைப்பு போயிற்று. முடி? இன்னும் கொட்டியது. உயிரில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த பழைய முடியெல்லாம் சீப்பில் கொத்தாக வந்தது. தைப்பூசக் காவடிக்கு வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள், "என்ன, இப்படி மொட்டையாகிவிட்டது?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, "மாத்திரையை ரெண்டாக் குடுத்துப் பாரேன்" என்றார். எண்ணெயை டைகர் முழுக்க நக்கித் தீர்த்தது. மாத்திரையை நான் கூட்டவில்லை, தண்ணீரும் ரத்தமும் சரியாக இருந்தனவே!

நம் தாத்தா பாட்டிமார் இங்கே நேட்டால் மாகாணக் கரும்பு வயல்களில் வேலை பார்த்தவர்கள். வெட்டின வயலைப் பார்த்தால் கட்டைதான் தெரியும், ஆனால் மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கும். அதிலிருந்துதான் மறுதாம்பு வரும். முடியும் அப்படித்தான். அதிகக் கார்ட்டிசால் முடி வேரைத் தூங்கப் போட்டுவிடுகிறது. அது விழித்து, தோலைத் தாண்டி வெளியே வர மூன்று மாதம், ஆறு மாதம் ஆகும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். முடி கடைசியில் வரும்.

மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் டைகர் மல்லாந்து படுத்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக வயிற்றில் விழுந்தது. அந்த மழித்த இடத்தில், வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பூனை முடி! விரலால் எதிர்த்திசையில் தடவினேன். பீச் பழத் தோல் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் டைகர் எழுந்து போய்விட்டது. பங்குனி உத்திரத்துக்கு விலாவும் மூடிவிட்டது. புது முடி பழையதைவிடக் கறுப்பு, கொஞ்சம் சுருள். அப்படி நிறம் மாறி வருவது உண்டு, பயப்பட வேண்டாம்.

முடி வரும்வரை தோல் காகிதம் மாதிரி மெல்லியதாக இருக்கும். இழுத்துச் சீவாதீர்கள். மத்தியான வெயிலில் விடாதீர்கள். நம் ஊர் உண்ணிகள் பிலியரி என்கிற ரத்தக் காய்ச்சலைக் கொண்டுவரும், அதனால் தினமும் கையால் தடவிப் பாருங்கள். சீழ்க் கொப்புளம் வந்தால் காட்டுங்கள், இந்த நோயில் புண் லேசில் ஆறாது.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். கார்ட்டிசால் மாதிரியே வேலை செய்கிற ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிப்புக்காக மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் மாத்திரை சாப்பிட்ட நாய்க்கும் இதே அடையாளங்கள் வரும். நீங்கள் கையில் பூசுகிற ஸ்டீராய்டு களிம்பை நாய் தினமும் நக்கினாலும் வரலாம். அங்கே மருந்தே காரணம், ட்ரைலோஸ்டேன் தேவையில்லை. ஆனால் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நாய்க்குக் கொடுத்த மாத்திரை, ஊசி, களிம்பு எல்லாவற்றின் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூன்று நாள் தண்ணீர்க் கணக்கு எழுதின தாளையும் அதே பையில் வையுங்கள். வணக்கம்.